பிளேன்டீக்கு நகர்ந்த ஓட்டைகள்

நான் கட்டியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

மூட்டை தூக்கிய தோளோடு கண்டியில் சொந்தமாக ஒரு ஹாட்வெயார் கடை கட்டினேன். தவளை கூட வாடகைக்கு இருக்க யோசிக்கும் என்று ஊரே சிரித்த சதுப்பு நிலத்தில் மேல்மாடி வைத்து வீடு கட்டினேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓயா என்ற சிற்றாறு மண்ணை அரிக்க அரிக்க, கருங்கல் சுமந்து கரைக்கு மதில் கட்டினேன். ரோட்டு முனையில் அரச மரத்தடியில் காலங்காலமாக நனைந்துகொண்டிருந்த பிள்ளையாருக்கு, கூரை போட்டு ஒரு சின்னக் கோயில் கட்டினேன். பெண் பிள்ளைகள் மூவரையும் படிக்க வைத்தேன். அவர்கள் இப்போது ஊருக்கு வரும்போதெல்லாம் என் பேச்சைத் திருத்துகிறார்கள். கடன் கேட்டுப் போன வங்கியில், அந்தக் காலத்து மேலாளர் எனக்கு உட்காரக் கதிரையைக் காட்டவே இல்லை. இன்று அதே வங்கியிலிருந்து வருஷப் பிறப்புக்குக் கலண்டரைக் கொண்டுவந்து கையில் தருகிறார்கள். நானும் கதிரை கொடுக்காமல் வாங்கிக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து, தோட்டப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்போடு இறங்கி வந்த ஒருவன் செய்தது. நான்காம் வகுப்புக்கு அங்கே வாத்தியார் இருக்கவில்லை. எனவே படிப்பை நான் விட்டேன் என்று யாரும் எழுதி வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் கட்டியவன் கடைசியாக ஒன்றை உடைத்தேன். என் சொந்த வாசலை. நான் கட்டியதையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள், உடைத்ததைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. அதனால்தான் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

எங்கள் ரோடு, பேராதனையிலிருந்து கண்டிக்குப் போகும் பெரிய பாதையிலிருந்து பிரிந்து ஒரு பள்ளத்துக்குள் இறங்கி, பிறகு ஏற மனமில்லாமல் அங்கேயே படுத்துவிடும். ஒரு பக்கம் மலைச்சரிவு. மறுபக்கம் ஓயா. மலையில் பெய்யும் மழை ரோட்டைக் கடந்துதான் ஓயாவுக்குப் போக வேண்டும். அது போகும் வழியில் நாங்கள் வந்து குடியேறி, மதில் எழுப்பி, கேட் போட்டு, "வெள்ளம் வருது, வெள்ளம் வருது" என்று உள்ளூராட்சிச் சபைக்கு முறைப்பாடும் செய்துகொண்டிருக்கிறோம். தண்ணீர் எங்களைப் பற்றி இதுவரை எந்த முறைப்பாடும் செய்ததில்லை.

ஓயாப் பக்கம் வரிசையாக வீடுகள். அதில் ஒன்று என் வீடும் கடையும். மலைப்பக்கத்தில், என் வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டை விடத் தாழ்வாக ஒரு வீடு இருக்கிறது. இடியப்பம் அவித்து டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு பெண்ணின் வீடு அது. புருஷன் இல்லை. டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். அவளும் எங்கள் தோட்டப் பக்கத்துக்காரிதான். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் அந்த வீட்டைக் கட்டிய காலத்தில் ரோட்டிலிருந்து படி ஏறித்தான் உள்ளே போவார்கள். பிறகு தேர்தலுக்குத் தேர்தல் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ரோடு வளர்ந்தது, வீடு அங்கேயே நின்றது. இப்போது படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். முன்னேற்றம் என்றால் இதுதான் போலிருக்கிறது.

கடைசியாக வந்த பெருமழையில் அவள் குசினிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசி மா மூட்டைகள் களியாகிவிட்டன. இடியப்பத் தட்டுகள் மிதந்து வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தன. அவற்றைப் பொறுக்கிக் கொடுக்கப் போன என்னிடம், நனைந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னொரு தடவ தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன் மாமா. அண்ணனோட லயத்துக்கே போயிருவேன். புள்ளைங்க படிப்பும் போயிரும். அங்க போயி நான் யாருக்கு இடியப்பம் அவிக்கிறது? தேயிலக் கொழுந்துக்கா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னதைச் செய்கிற பெண். அடுத்த மழைக்காலத்தில் அவள் இருப்பாளா போவாளா என்பது அன்றிலிருந்து தண்ணீரின் கையில் இருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் ரோட்டுக்கு நடைபாதை வருகிறது என்ற செய்தி வந்தது. ஓயாப் பக்கமாக, ரோட்டை விட உயரமாக, ஓரத்துக்குக் கல் வைத்து, மேலே சிவப்பும் சாம்பலுமாகக் கற்கள் பதித்து. கால் நடையாகப் போகிறவர்களின் நன்மைக்காம். எங்கள் ரோட்டில் கால் நடையாகப் போகிறவர்கள் யார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். முனைக்கடைக்குப் போவதற்கே த்ரீவீலர் பிடிக்கிற சனம் எங்களுடையது. நாய்கள் மட்டும் உண்மையாகவே நடக்கின்றன.

சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ரோட்டுக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கந்தோரில் பெரிய கதிரையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதிரை போய்விட்டது. உட்காரும் முறை போகவில்லை. அவர் பிளானை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பை வைத்து, "மக்கள் தங்கட அபிப்பிராயங்களைச் சொல்லலாம்" என்றார்.

மக்கள் சொன்னார்கள். ஒருவருக்குக் கல்லின் நிறம் பிடிக்கவில்லை. ஒருவருக்குத் தன் மாமரத்துக் கிளையை வெட்டுவார்களா என்ற கவலை. ஒருவர், நடைபாதை வந்தால் வாகனத்தை எங்கே நிறுத்துவது, நடைபாதையில் நிறுத்தலாமா என்று கேட்டார். தையல் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், நடைபாதைக்கு மேலே பந்தல் போட்டால் வெயில் படாதே என்றார். இடியப்பக்காரி கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு எழுந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஐயா, இவ்வளவு ஒசரமா கட்டினா ரோட்டுத் தண்ணி எப்படி ஓயாவுக்குப் போகும்?"

தலைவர் கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, நல்ல கேள்வி. அதெல்லாம் பிளானில கிடக்கு. மூண்டு இடத்தில தண்ணி போறதுக்கு ஓட்டை விட்டிருக்கினம். இஞ்ச பாரும். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும்."

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். வரிசையின் மேல் பக்கத்தில் ஒன்று, என் வாசலுக்குப் பக்கத்தில் ஒன்று, கீழ்ப்பக்கத்தில் ஒன்று. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடுவே ஓயாவுக்குப் போகும் ஒடுக்கமான வடிகால் கான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஓட்டைக்குள் புகும் தண்ணீர் கான் வழியாக இறங்கிப் போய்விடும். பிளான் போட்ட பொறியியலாளரை ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எல்லாரும் கை தட்டினோம். வடை சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு என் வலது கண்ணில் பிரச்சினை வந்து பேராதனை ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சை செய்தார்கள். தூசு படக் கூடாது, குனியக் கூடாது, வெளியே போகக் கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு மேல்மாடி அறையில் படுத்திருந்தேன். ரோட்டில் கல் வெட்டும் சத்தமும், கொங்கிரீட் கலக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. சிமெந்து என் கடையில் எடுக்கவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். ரோட்டிலேயே என் கடை இருக்க, சிமெந்து எங்கிருந்தோ லொறியில் வந்து என் கடையைத் தாண்டிப் போய் இறங்கியது. பரவாயில்லை, அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றலாம் என்று டொக்டர் சொன்ன அன்று முதல் வேலையாகக் கீழே இறங்கி வந்து பார்த்தேன். நடைபாதை முடிந்திருந்தது. அழகென்றால் அழகு. மேலே இருந்து கீழே பிள்ளையார் கோயில் வரைக்கும் சிவப்பும் சாம்பலுமாக, ஓரக் கல் நூல் பிடித்தது போல, ஒரு இடத்திலும் வெட்டோ இடைவெளியோ இல்லாமல்.

ஒரு இடத்திலும் இடைவெளி இல்லை. இரண்டு தடவை நடந்து பார்த்தேன். புதுக் கண்ணில் கோளாறோ என்று மூன்றாம் தடவையும் நடந்தேன். மூன்று ஓட்டைகளில் ஒன்று கூட இல்லை. நாங்கள் கேட்டது நடைபாதை. கட்டிக் கொடுத்தது அணைக்கட்டு. குளத்துக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

அந்தக் குளம் நிறைய அதிக நாள் எடுக்கவில்லை. ஐப்பசி மாதத்துப் பின்னேர மழை, கண்டியில் எல்லாருக்கும் தெரிந்த மழைதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு வந்து சேரும் நேரத்தில் கொட்டியது. மலையிலிருந்து சிவந்த தண்ணீர் இறங்கி ரோட்டுக்கு வந்தது, நடைபாதையின் ஓரக் கல்லில் முட்டியது, வழி தேடி அங்கும் இங்கும் பார்த்தது. கடைசியில் திரும்பி இடியப்பக்காரியின் படியில் இறங்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தங்கள் வாசலில் காய்ந்த காலோடு நின்று பார்த்தார்கள். "இந்த முறை நம்ம பக்கம் ஒரு சொட்டு வரல, பாத்தீங்களா, நல்ல வேலை செஞ்சிருக்கானுக" என்று ஒருவர் சொன்னார். என் பக்கத்திலேயே நின்று சொன்னார்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுத் தண்ணீரில் இறங்கினேன். டொக்டர் குனியக் கூடாது என்றுதான் சொன்னார், நனையக் கூடாது என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்குள் மா மூட்டைகள் கட்டிலுக்கு மேலே ஏறியிருந்தன. பிள்ளைகள் பாடப் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாசற்படியில் மண் நிரப்பிய உரப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானும் அடுக்கினேன். தண்ணீர் மேல் பைக்கு ஒரு கையளவு கீழே நின்றது. தானாக நிற்கவில்லை, மழை விட்டதால் நின்றது.

"இது சாதாரண மழ மாமா" என்றாள். "பெரிய மழைக்கு இன்னும் நாள் இருக்கு. அண்ணனுக்குப் போன் பண்ணி ரூம ஒதுக்கி வைக்கச் சொல்லவா?"

"ஒரு வாரம் பொறு புள்ள."

"ஒரு வாரம் மழயும் பொறுக்குமா?"

அடுத்த நாளே அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னேன். எல்லாரும் வந்தார்கள். எல்லாருக்கும் பயங்கரக் கோபம். ஒருவர் சபையைத் திட்டினார். ஒருவர் ஒப்பந்தக்காரரைத் திட்டினார். ஒருவர் உலகமே சூடாகிக்கொண்டு வருகிறது, அதனால்தான் என்றார். இடியப்பக்காரியைப் பார்த்து நாக்கைத் தட்டி "பாவம், பாவம்" என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்கிறீர்கள்! அவ்வளவு இரக்கத்தை மழைக்கு முன்னால் போட்டிருந்தால் தண்ணீரே நின்றிருக்கும். தலைவர் எழுந்து, மேலிடத்துக்கு ஒரு மகஜர் அனுப்புவோம், அதற்கு ஒரு உப குழு அமைப்போம் என்றார். உப குழுவுக்கு ஆட்களை முன்மொழியத் தொடங்கியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, கட்டின மேசன் பாஸையே கேட்டா முடிஞ்சுது. அந்தா வெளியில மிச்ச வேலைய முடிச்சு சிமெந்து கழுவிட்டு நிக்கிறான், கூப்பிடுங்க."

அந்த மேசன் பாஸ் சிங்கள ஆள், நல்ல மனிதன். காலையில் வேலை தொடங்குவதற்கு முன் எங்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவான். எங்கள் தமிழையும் ஏதோ சமாளிப்பான். அவன் உள்ளே வந்ததும் கோபமாக இருந்தவர்கள் எல்லாம் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தையல் கடை நானா சட்டைப் பொத்தானில் நூல் தேடினார்.

"பாஸ், பிளான்ல மூணு ஓட்ட இருக்கு. ரோட்டுல ஒண்ணும் இல்ல. என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

அவன் ஒரு தடவை எல்லார் முகத்தையும் பார்த்தான். எல்லாரும் கண்ணாலேயே கெஞ்சினார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"விடுங்க மொதலாளி" என்றான்.

"விட மாட்டேன். தண்ணி போக வழி இல்லாம ஒரு வீடு காலியாகப் போகுது. சொல்லு!"

"சொல்றது. கோவிக்க வேணாம்." கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டான். "நான் சோக்கால அடையாளம் போட்டது, பிளான்ல உள்ள மாதிரியே. அப்போ மொதல் வீட்டு ஐயா பிளேன்டீ கொண்டு வந்தது. சக்கரையும் குடுத்தது. 'பாஸ், இந்த ஓட்டைய கொஞ்சம் அங்கிட்டு தள்ளு, வாசல்ல தண்ணி ஓடினா வீட்டுல செல்வம் தங்காது' சொன்னது. கொஞ்சம்தானே. நான் பக்கத்து வீட்டுக் கானுக்குத் தள்ளினது. பக்கத்து வீட்டு அக்கா டீ, பணிஸ் ரெண்டும் கொண்டு வந்தது. 'மகளுக்குப் பொண்ணு பாக்க வாராங்க பாஸ், அதுவரைக்கும் அடுத்த வீட்டுக்கு வை.' நான் வெச்சது. அப்புறம் நானா டீ குடுத்தது…"

"போதும் பாஸ்" என்றார் நானா.

"போதாது, பேசு" என்றேன்.

"எல்லா வீட்டுலயும் டீ குடிச்சது மொதலாளி. டீ குடிச்ச வீட்டு ஆள் கேட்டா இல்ல சொல்ல ஏலுமா? மூணு ஓட்டையும் வீடு வீடாப் போய்ப் போய், கடைசியா கோயிலுக்கு வந்தது. சாமி வாசல்ல அழுக்குத் தண்ணி விட்டா பாவம் இல்லையா? அதுக்கு மேல வீடும் இல்ல. அங்க மூடினது."

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் கூட ஓட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் ஓட்டை கட்டாயம் வேண்டும், பக்கத்து வீட்டில். ஒவ்வொருவரும் ஒரு வீடு தள்ளித்தான் கேட்டார்கள். தான் தள்ளியது போலவே அடுத்தவனும் தள்ளுவான் என்று யோசிக்கும் கெட்ட புத்தி எங்களில் யாருக்கும் இல்லை. அடுத்தவர் மேல் அவ்வளவு நம்பிக்கை. கடைசியில் மூன்று ஓட்டைகளும் ஊர்வலமாகப் பிள்ளையாரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் மட்டும் ஒரு டீ கூடக் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். இந்த மாதிரிச் சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. வெட்கமாக இல்லையா, ஒரு பெண் பிள்ளையின் அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு இங்கே வந்து உப குழு போடுகிறீர்களா, நான் லயத்திலிருந்து வந்தவன், அங்கே ஒரே கூரையின் தண்ணீரைப் பன்னிரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டோம் என்று நன்றாகவே பேசினேன். என் குரல் ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

பாஸ் மெதுவாக என் பக்கத்தில் வந்தான். "மொதலாளி, உங்க வீட்டு நோனாவும் டீ குடுத்தது. இஞ்சி போட்டு."

கூட்டம் சிரித்த சிரிப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"ஆமா, குடுத்தேன். அந்த ஓட்ட வந்தா ஒங்க லொறி எங்க ஏறும்? 'என் லொறி, என் லொறி'ன்னு கொழந்த மாதிரி பாத்துக்குறீங்க. கண்ணுல மருந்து போட்டுப் படுத்திருந்த ஆளக் கேட்டுக்கிட்டு நிக்க முடியுமா?"

"எதிர்த்த வீட்டுப் புள்ளைய நெனச்சியா?"

"நெனச்சேன். பக்கத்து வீட்டுல ஓட்ட இருந்தா அவளுக்குப் போதும்னு நெனச்சேன். நான் மட்டுமா நெனச்சேன்? ஊருக்கே ஒரே நெனப்பு." வெங்காயக் கண்ணோடு நிமிர்ந்தாள். "அங்க போயி பெரிசா பேசினீங்களாமே. பேசினவரு செய்யிங்க."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன யோசனைகளில் நான் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான். மறுபடியும் எல்லாரையும் என் கடை முன்னால் கூப்பிட்டேன். யார் இடம் தருகிறீர்கள் என்று கேட்டேன். முதல் வீட்டாருக்கு இன்னமும் செல்வம் போய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லவில்லையாம், அதுவரைக்கும் பக்கத்து வீட்டு அக்காவால் முடியாது. நானா கையை விரித்தார்.

"கஸ்டமர் வார வாசல் மொதலாளி. ஓட்டைய வெச்சா, கலியாண சட்ட தைக்க வாரவங்க முழங்கால் வரைக்கும் நனைஞ்சிட்டுத்தான் உள்ளுக்கு வரணும். நான் அளவெடுக்கிறதா, தொவட்டி விடுறதா?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "கோயில் காணியில வைக்கலாம் எண்டு ஒரு அபிப்பிராயம் இருக்கு. பிள்ளையார் ஆட்சேபிக்கமாட்டார்."

"பிள்ளையாருக்கு வீடு கட்டினவன் நான். அவரு வாசல்ல நான் விட மாட்டேன்" என்றேன். "பாஸ், என் வாசல ஒடை."

பாஸ் அளந்து பார்த்தான். மூன்று இடத்தில் போக வேண்டிய தண்ணீர் ஒரே இடத்தில் போக வேண்டுமென்றால், சின்ன ஓட்டை போதாது என்றான். லொறி ஏறும் சரிவு முழுக்கப் போக வேண்டும். கேட்டின் இடது தூணும் போக வேண்டும். அந்தத் தூண்களின் மேல் நான் சிமெந்தில் செய்வித்த இரண்டு சிங்கங்கள் இருந்தன. அந்த ரோட்டில் சிங்கம் வைத்த கேட் என்னுடையது மட்டும்தான். வலது பக்கத்துச் சிங்கம் இப்போது தனியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லொறி பெரிய பாதையில் யாரோ ஒருவரின் காணியில் நிற்கிறது. தினமும் காலையில் நான் அதுவரைக்கும் நடந்து போகிறேன். அந்த நடைபாதையை உண்மையாக உபயோகிக்கும் ஒரே மனிதன் நானாகிவிட்டேன்.

சபையிலிருந்து ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். பிளானைப் பார்த்தார், என் வாசலைப் பார்த்தார். "ஐயா, பிளான்ல இருக்கிற இடந்தானே. நீங்க திருப்பி வைக்கிறீங்க, அவ்வளவுதான். கொஞ்சம் அகலமா வையுங்க, ஆட்சேபனை இல்ல" என்று கையெழுத்து வைத்துவிட்டு என் மனைவியின் இஞ்சி டீயைக் குடித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன், அவள் வேறு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் போட்டோம். ஊரே மண்வெட்டியோடு வந்தது. மண்வெட்டி வந்தது என்பதுதான் சரி. பிடித்திருந்த கைகள் பெரும்பாலும் போனில் இருந்தன. படம் எடுத்து முடிந்ததும் முதல் வீட்டாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. உடைத்தது பாஸும் அவன் ஆட்களும் நானும். இடியப்பக்காரி சிமெந்து சுமந்தாள். "மாமா, ஒங்க சிங்கத்த நான் எங்க வீட்டு வாசல்ல வைக்கட்டா? தண்ணி வந்தா வெரட்டும்ல" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். தானும் சிரித்தாள். ஆனால் படத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு வந்தது பெரிய மழை. விடாமல் பெய்தது. மலையிலிருந்து தண்ணீர் மரக்கட்டையும் குப்பையுமாக இறங்கியது. ரோட்டில் நிரம்பி, என் வாசலைக் கண்டுபிடித்து, வெட்டிய வழியில் புகுந்து, வீட்டுக்கும் கடைக்கும் நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓயாவில் விழுந்தது. என் மனைவி ஜன்னலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதிர்வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகளும் படியின் மேல் உட்கார்ந்து தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். படி காய்ந்திருந்தது. உள்ளே இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. லயத்து அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி, அன்றே அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

பிறகு திறப்பு விழா. மேளம், மாலை, ரிபன். சபை உறுப்பினர் வந்தார். தலைவர் நன்றியுரை சொன்னார். உறுப்பினருக்கு நன்றி. பொறியியலாளருக்கு நன்றி. ஒப்பந்தக்காரருக்கு நன்றி. ஒலிபெருக்கி கட்டியவருக்கு நன்றி. ரிபன் வெட்டிக் கொடுத்த நானாவுக்கு நன்றி. அன்று மழை பெய்யாததற்காக வருண பகவானுக்கும் நன்றி. கடைசியாக, "வெள்ளப் பிரச்சினை பொதுமக்களின் மேலான ஒத்துழைப்பினாலே தீர்த்து வைக்கப்பட்டது" என்றார்.

நான் எழுந்தேன். "அந்தப் பொதுமக்களுக்கு ஒரு வீட்டு நம்பர் இருக்கு ஐயா."

"முதலாளி, கொஞ்சம் இருங்கோ. பேரெல்லாம் எதுக்கு? எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே."

எல்லாரும் சேர்ந்து செய்தது உண்மைதான். மூடியதில் எல்லாருக்கும் பங்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

இடியப்பக்காரி பின்னால் வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருங்க மாமா. அவங்க சொல்லாட்டி என்ன? கேக்குறவங்களுக்கெல்லாம் நான் சொல்றேன்."

"நீ சொல்லு புள்ள. நீ சொல்லாம இருந்தாத்தான் தப்பு. ஆனா கல்லுல வேற பேரு இருக்கே."

ஆம், கல்லும் இருக்கிறது. திறந்து வைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், சங்கத் தலைவர் பெயர் எல்லாம் பொன்னிற எழுத்தில். அந்தக் கல்லை எங்கே பதித்தார்கள் தெரியுமா? என் மதிலில். இடம் கேட்டபோது மற்ற வீட்டாரெல்லாம் பக்கத்து வீட்டில் வைக்கச் சொன்னார்களாம்.

என் இடத்தில் வேறொருவன் என்றால், சரிவைத் திரும்பக் கட்டி லொறியை ஏற்றிவிடுவேன் என்று மிரட்டியிருப்பான். என்னால் மிரட்ட முடியாது. எதிர்வீட்டில் அடுப்பு எரிகிறது. அது இவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு துணிச்சலாக மறக்கிறார்கள்.

ஆகவே மிரட்டாமல் கேட்கிறேன். சங்கத்தாரே, சபையாரே, என் மதிலில் நீங்கள் வைத்த கல்லில் கீழே இன்னும் இடம் இருக்கிறது. நானே அளந்து பார்த்துவிட்டேன். இந்த ரோட்டுத் தண்ணீர் யாருடைய வாசலை உடைத்துக்கொண்டு போகிறதோ, அவர் பெயரை அங்கே பொறிக்க வேண்டும். மற்றப் பெயர்களுக்கு என்ன அளவு எழுத்தோ அதே அளவு, அதே பொன்னிறம். ஒரு எழுத்துக் கூடச் சிறிதாக இருக்கக் கூடாது. கல் கொத்துகிற ஆளை நானே கூட்டி வருகிறேன், உளியும் நானே தருகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லார் முன்னாலும் நின்று, அந்தப் பெயரைக் கல் கொத்துகிறவனுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.